பாய்லரைப் பற்றவைக்க மறுத்தவர்

போன மாதம் உங்கள் பயிற்சி வகுப்பில் பேச என்னை அழைத்திருந்தீர்கள். கடைசி வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்து கேட்டார்: "மேடம், ஒரு ஃபேக்டரியை நெட் ஜீரோவுக்குக் கொண்டுபோகும்போது மாத்தறதுக்கு ரொம்பக் கஷ்டமான மெஷின் எது?" பாய்லர் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில்தான் அது பாதிப் பதில் என்று உறைத்தது. மீதிப் பாதியில் என் தவறு ஒன்று இருக்கிறது. முப்பது பேர் முன்னால் அதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்திருக்க வேண்டும். எழுதுவது கொஞ்சம் சுலபம். அதனால் எழுதுகிறேன்.

ஓய்வு பெறுவதற்கு முன்பு பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு வாஷிங் யூனிட்டில் பதினோரு வருடம் பிளான்ட் இன்ஜினியராக இருந்தேன். தைத்து முடித்த ஜீன்ஸ் எங்களிடம் வரும். துவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டு, பெட்டியில் அடைத்து அனுப்புவோம். துவைக்க வெந்நீர் வேண்டும், காயவைக்க அனல் வேண்டும், இஸ்திரிக்கு நீராவி வேண்டும். மூன்றும் ஒரே இடத்திலிருந்து வந்தன. பின்பக்க ஷெட்டில் இருந்த விறகு பாய்லர்தான் அந்த இடம்.

அதை ஓட்டியவர் முனிரத்தினம். அல்சூரில் பிறந்தவர். பாய்லர் ஓட்டுவதற்கான அரசுச் சான்றிதழை இளம் வயதிலேயே வாங்கியவர். ஷெட் அலமாரியில் சின்னப் புத்தர் படம் ஒன்றும், துடைத்துத் துடைத்து மெலிந்துபோன ஒரு துண்டும் வைத்திருப்பார். நான் சேர்ந்தபோதே அவருக்கு அங்கே ஏழு வருட அனுபவம் இருந்தது. அதிகம் பேசமாட்டார். நீராவி அழுத்தத்தைக் காட்டும் பிரஷர் கேஜின் முள்ளைப் பார்த்தபடியே நமக்குப் பதில் சொல்வார்.

நாங்கள் யாருக்கு ஜீன்ஸ் அனுப்பினோமோ அந்த வெளிநாட்டுக் கம்பெனி, இனி நெட் ஜீரோவை நோக்கி, அதாவது கரியமில வாயுவை இல்லாமல் ஆக்கும் அளவுக்குக் குறைத்துக்கொண்டு போகிறவர்களுக்குத்தான் ஆர்டர் என்று சொல்லிவிட்டது. கூரையில் சோலார் பலகைகள் போடுவது, மீதி மின்சாரத்தை ஒரு சோலார் பார்க்கிலிருந்து வாங்குவது, விறகு பாய்லரை எடுத்துவிடுவது என்று திட்டம் போட்டோம். அந்தத் திட்டம் என் கையில் வந்தது. எனக்குச் சந்தோஷம்தான். அத்தனை வருடமாக அந்தப் புகைபோக்கியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு உறுத்தல் இருந்தது. எதிர்த்த தெருவில் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. காற்று திரும்பும் நாட்களில் அங்கே ஜன்னல்களைச் சாத்திவிடுவார்கள்.

வெந்நீருக்கு ஹீட் பம்ப், அதாவது வெளிக்காற்றிலிருக்கும் சூட்டை இழுத்துத் தண்ணீரில் ஏற்றும் இயந்திரம். காயவைக்க மின்சார டிரையர்கள். இஸ்திரி மேஜைகளுக்கு வரிசைக்கு ஒன்றாகச் சின்ன மின்சார நீராவிக் கலங்கள். எல்லாவற்றையும் தீர்மானித்த பிறகு ஒரு கூட்டம் போட்டேன். தீர்மானித்த பிறகு போட்டேன் என்பதைக் கவனியுங்கள்.

அந்தக் கூட்டத்தில் முனிரத்தினம் கையைத் தூக்கினார்.

"மேடம், புதுசு வரட்டும். பழசை உடனே எடுத்துடாதீங்க. ஒரு மழைக்காலம் ரெண்டையும் வெச்சுப் பார்த்துட்டு அப்புறம் எடுங்க. கரண்டு இங்க மழைக்கு எப்படி இருக்கும்னு தெரியும்ல?"

எங்கள் ஜெனரல் மேனேஜர், ஜி.எம்., பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வெளிநாட்டுக் கம்பெனியின் ஆள் வரும் தேதி முடிவாகியிருந்தது. பாய்லர் நின்றுவிட்டது என்று அவரிடம் சொல்லியாக வேண்டும். எனக்கு எரிச்சல் வந்தது. நான் சொன்னேன், "முனிரத்தினம், உங்க வேலை போயிடும்னு பயப்படறீங்க. அது எனக்குப் புரியுது. ஆனா அதுக்காக டெக்னிக்கல் காரணம் தேடாதீங்க."

நாலைந்து பேர் சிரித்தார்கள். அவர் கையை இறக்கிக்கொண்டார்.

மார்ச் மாதம் பாய்லரை நிறுத்தினோம். வெளிநாட்டுக் கம்பெனியின் ஆள் வந்து புகைபோக்கிக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார். பாய்லர் லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டிய நாள் வந்தபோது, தேவையில்லை என்று நானே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முனிரத்தினத்தைக் காக்கிச் சட்டை கொடுத்து கேட்டில் உட்காரவைத்தார்கள். ஜூலை மாதக் கடைசியில் அவரை அனுப்பிவிடுவது என்று நிர்வாகம் முடிவெடுத்தது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தினமும் காலையில் கேட்டில் வணக்கம் சொல்வார். நான் வேகமாக உள்ளே போய்விடுவேன்.

ஏப்ரலும் மேயும் அருமையாகப் போயின. வெயில் கொளுத்தியது, சோலார் பொங்கியது. ஷெட்டின் பக்கம் புகை இல்லை, சாம்பல் இல்லை. இஸ்திரிப் பிரிவின் சூப்பர்வைசர் கௌரம்மா என்னைத் தேடிவந்து, "மேடம், ஈக... இப்ப இருமல் கம்மி ஆச்சு, இந்த அயர்ன் பண்ற பிள்ளைங்களுக்கு" என்று கன்னடமும் தமிழுமாகச் சொன்னார். நான் செய்தது சரி என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டியிருக்கவில்லை.

ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் காற்றோடு மழை அடித்தது. எங்களுக்கு மின்சாரம் கொண்டுவரும் லைனின்மேல் பெரிய மரம் ஒன்று விழுந்து, கம்பமே சாய்ந்துவிட்டது. ஒரு மணி நேரம் கழித்து வேறொரு லைனிலிருந்து இணைப்புக் கொடுத்தார்கள். வந்த லைன்மேன் தெளிவாகச் சொன்னார்: "பாதி லோடுதான் மேடம். அதுக்கு மேல இழுத்தா டிரிப் ஆயிடும், பக்கத்து ஃபேக்டரிக்கும் சேர்த்துப் போயிடும். கம்பம் நட்டுச் சரி பண்ண மூணு நாள் ஆகும்." வானம் கறுத்துக் கிடந்ததால் கூரையிலிருந்தும் ஒன்றும் பெரிதாக வரவில்லை. டீசல் ஜெனரேட்டர் விளக்குக்கும் கம்ப்யூட்டருக்கும் மட்டுமே போதுமானது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சென்னைத் துறைமுகத்துக்கு ஒரு கன்டெய்னர் கிளம்ப வேண்டும். பாதிச் சரக்கு இன்னும் ஈரமாகவே இருந்தது.

ஜி.எம். என்னையும் முனிரத்தினத்தையும் பாய்லர் ஷெட்டுக்கு வரச் சொன்னார். ஜி.எம். கெட்டவர் இல்லை. அவருக்கு மேலிடத்திலிருந்து பத்து நிமிடத்துக்கு ஒரு போன் வந்துகொண்டிருந்தது.

"முனி, விறகு கொஞ்சம் மிச்சம் இருக்கில்ல? பழசைப் பத்தவைங்க."

முனிரத்தினம் பாய்லரைப் பார்த்தார். பிறகு ஜி.எம்.மைப் பார்த்துச் சொன்னார்.

"வைக்க மாட்டேன் சார்."

"என்னது?"

"லைசென்ஸ் முடிஞ்சுபோச்சு. சேஃப்டி வால்வைக் கழட்டி டெஸ்ட் பண்ணி வருஷம் ஆச்சு. நாலு மாசமா உள்ள தண்ணி தேங்கி நின்னிருக்கு. டியூப்பெல்லாம் எந்த நிலைமைல இருக்குன்னு எனக்கே தெரியாது. இந்தச் சுவத்துக்கு அந்தாண்ட அயர்ன் டேபிள். அறுபது பொம்பளைங்க நிக்கிறாங்க."

"மூணு நாள்தானே முனி."

"வெடிக்கிறதுக்கு மூணு நாள் வேணாம் சார்."

ஜி.எம். என் பக்கம் திரும்பினார். "மேடம், நீங்க பிளான்ட் இன்ஜினியர். நீங்க எழுதிக் குடுத்தா அவர் பத்தவைப்பார். சொல்லுங்க."

அந்த நேரத்தில் எனக்குள் என்ன ஓடியது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சரி என்ற வார்த்தை வாய்வரை வந்தது. பாய்லர் என்ன, பதினெட்டு வருடம் ஓடியதுதானே, மூன்று நாளில் என்ன ஆகிவிடும் என்று தோன்றியது. ஆர்டர் போனால் அந்த வெளிநாட்டுக்காரர்கள் வேறு ஊருக்குப் போவார்கள். நானூறு பேர் வேலை ஆட்டம் காணும். இந்தச் சோலார், ஹீட் பம்ப் எல்லாம் சும்மா பேச்சு என்று பீன்யா முழுவதும் பேசுவார்கள், அதற்குக் காரணம் நானாக இருப்பேன். ஒரு கையெழுத்து இதையெல்லாம் தள்ளிப்போடும்.

அப்போது முனிரத்தினத்தின் காக்கிச் சட்டை கண்ணில் பட்டது. மாதம் முடிய எட்டு நாள்தான் இருந்தது. பாய்லர் ஓடினால் அதை ஓட்ட ஆள் வேண்டும். அந்த ஆள் அவர்தான். "நான் அன்னிக்கே சொன்னேனே" என்று ஒரு வார்த்தை சொல்லி, அந்தக் கதவைத் திறந்து, தீயை மூட்டினால் அவர் வேலை திரும்பக் கிடைக்கும். என்னையும் எல்லோர் முன்னாலும் தலைகுனிய வைக்கலாம். அது அவருக்குத் தெரியாதா? தெரிந்தேதான் மாட்டேன் என்கிறார். பாய்லரை நிறுத்துவதற்கு முன்னால் நடந்த அந்தக் கூட்டத்தில் நான் எப்படிப்பட்ட மனிதரைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கிறேன் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"எழுதிக் குடுக்க மாட்டேன் சார்," என்றேன். "எனக்கு ஒரு மணி நேரம் குடுங்க."

"ஒரு மணி நேரத்துல என்ன பண்ணுவீங்க?"

எனக்கும் தெரியவில்லை. அதையும் அப்படியே சொன்னேன். அவர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

லேப்டாப்பைத் திறந்தேன். ஒவ்வொரு இயந்திரத்துக்கும் எவ்வளவு மின்சாரம் என்று கூட்டினேன். எப்படிக் கூட்டினாலும் பாதி லோடில் அடங்கவில்லை. இரண்டு முறை முதலிலிருந்து போட்டேன். முனிரத்தினம் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம், எல்லாத்தையும் ஒரே நேரத்துல ஓட்டணும்னு யார் சொன்னாங்க?"

"அப்படித்தானே ஓடுது?"

"கரண்டு வந்தப்புறம் அப்படி ஓடுது. சுவிட்சு போட்டா ஓடுதுன்னு எல்லாரும் போட்டு வெச்சிடறாங்க. பாய்லர்ல அப்படி முடியாது. ஒரு பக்கம் இழுத்தா முள்ளு இறங்கிடும், இன்னொரு பக்கம் நிக்கும். அதனால நான் மாத்தி மாத்தித்தான் குடுப்பேன். காலைல வாஷிங்குக்கு. பத்து மணிக்கு மேல டிரையர். அயர்ன் டேபிள் முழுசா ஓடறது மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம்தான். நடுவுல ரெண்டு மணி நேரம்தான் எல்லாரும் கேப்பாங்க. அதைத்தான் நாம சமாளிக்கணும்."

எத்தனையோ வருடம் அவர் அந்த முள்ளை ஏன் பார்த்துக்கொண்டே இருந்தார் என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது. ஒரு தொழிற்சாலை எந்த நேரத்தில் எவ்வளவு சூடு கேட்கும் என்பது அவர் மனதில் இருந்தது. நானோ, திட்டம் போடும்போது எல்லா இயந்திரத்தின் அதிகபட்ச அளவையும் கூட்டி, அதற்கு மின்சாரம் வாங்கியிருந்தேன். எப்போது வேண்டும் என்று யாரையும் கேட்கவில்லை.

"அந்த ரெண்டு மணி நேரத்துக்கு என்ன பண்றது?" என்று கேட்டேன்.

அவர் ஷெட்டின் மூலையைக் காட்டினார். பாய்லருக்குத் தண்ணீர் கொடுக்கும் பழைய தொட்டி. சூடு போகாமல் இருக்கச் சுற்றிலும் பஞ்சு வைத்துத் தகரம் அடித்தது. மேல்மூடியை இறுக்கி அடைக்காதது. அழுத்தமே கிடையாது, வெடிக்கவும் வழியில்லை.

"விடியக்காலைல ஹீட் பம்பை மட்டும் ஓட்டி இதை வெந்நியா நிரப்பிக்கலாம். பத்து மணிக்கு ஹீட் பம்பை நிறுத்திட்டு, இதுலேர்ந்து வாஷிங்குக்கு விட்டுடலாம். அந்தக் கரண்டு டிரையருக்குப் போவும். பைப்பு இருக்கு. ஒரு ஜாயின்ட் போடணும், அவ்வளவுதான்."

இன்னொரு சிக்கல் பாக்கி இருந்தது. இஸ்திரியையும் டிரையரையும் பிரிக்க வேண்டும். நான் கௌரம்மாவைக் கூப்பிட்டு, மூன்று நாளைக்கு இஸ்திரியைச் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். என் கணக்கில் அது மிகப் பொருத்தமாக இருந்தது.

"ஆகல்ல மேடம், முடியாது," என்றார் கௌரம்மா. "சாயங்காலம் எங்க ஏரியாவுல தண்ணி விடறது. வீட்டுல பிடிக்க ஆளு இல்ல. எட்டு மணிக்கு மேல பஸ்ஸும் இல்ல. உங்க மெஷினுக்கு எப்ப சௌகரியம்னு கேக்கறீங்க, எங்களுக்கு எப்பன்னு கேளுங்க."

கேட்டேன். அவர் உள்ளே போய் ஒரு கால் மணி நேரம் பெண்களோடு பேசிவிட்டு வந்தார். காலை ஆறரைக்கு வருகிறோம், பத்து மணிக்குள் முக்கால்வாசி முடித்துவிடுகிறோம், இரண்டு மணிக்கு வீட்டுக்கு விட்டுவிட வேண்டும், காலை டிபன் கம்பெனி கொடுக்க வேண்டும் என்றார். ஜி.எம். டிபனுக்குச் சம்மதித்தார். அவர் முகத்தில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் தடுக்கவில்லை. அதற்கு இன்றும் அவருக்கு நன்றி.

புதன்கிழமை காலை இட்லியோடு வேலை ஆரம்பித்தது. ஒன்பது மணி வரை எல்லாம் நன்றாகப் போனது. பிறகு யாரோ பழக்கத்தில் ஒரு டிரையரை முன்கூட்டியே போட்டுவிட, மொத்தமும் டிரிப் ஆனது. பக்கத்து ஃபேக்டரிக்காரர் சுவருக்கு மேலிருந்து கத்தினார். ஓசை அடங்கிய இயந்திரங்களுக்கு நடுவில் நின்றுகொண்டு, நான் கையெழுத்துப் போட்டிருக்கலாமோ என்று ஒரு நிமிடம் நினைத்தேன். இருபது நிமிடத்தில் மின்சாரம் வந்தது. முனிரத்தினம் என்னிடம் கேட்காமலே கேட்டிலிருந்து நாற்காலியைத் தூக்கிவந்து தளத்தின் நடுவில் போட்டு உட்கார்ந்தார். அதன் பிறகு அவர் தலையை ஆட்டாமல் ஒருவரும் எந்த சுவிட்சையும் தொடவில்லை. வியாழன் முழுவதும் ஒரு டிரிப்பும் இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம், சொன்ன நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் தாமதமாக, கன்டெய்னர் கிளம்பியது.

லாரி போன பிறகு ஷெட்டுக்குப் போனேன். அவர் தொட்டியின் மூடியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு மீட்டிங்ல நான் பேசினது தப்பு," என்றேன்.

"தப்புதான் மேடம்."

நான் மூடியின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டேன். அவரே பேசினார்.

"ஆனா நீங்க சொன்னது முழுப் பொய்யும் இல்ல. வேலை போயிடுமேன்னு பயந்தேன். பொண்ணு டிப்ளமா படிக்குது. பயமும் இருந்துச்சு, நான் சொன்னதும் நெஜம். ரெண்டும் ஒரே ஆளுகிட்ட இருக்கக் கூடாதா?"

உங்களிடம் நான் சொல்ல வந்த பாடம் இதுதான். அவர் வாயால் வந்துவிட்டது. நீங்கள் போகும் ஒவ்வொரு இடத்திலும் ஒருவர் எழுந்து, வேண்டாம், பொறுங்கள் என்பார். அவருக்குப் பயம் இருக்கும். பயம் தெரிந்தவுடன் அவர் சொல்வதைக் காதில் வாங்காமல் விட்டுவிடத் தோன்றும். நான் விட்டேன். என்னுடைய திட்டத்தில் இருந்த ஓட்டை எங்கே என்று தெரிந்த ஒரே ஆளை நான் கேட்டில் உட்காரவைத்திருந்தேன்.

அந்த மாதக் கடைசியில் அவரை அனுப்பவில்லை. அவர் வேண்டும் என்று நான் ஜி.எம்.மிடம் எழுதிக் கொடுத்தேன். இந்த முறை அந்தக் கையெழுத்தில் எனக்குத் தயக்கமே இல்லை. மூன்று மாதத்தில் பெரிய வெந்நீர்த் தொட்டி ஒன்று கட்டினோம். நடுப்பகலில் கூரையில் வெயில் மிஞ்சும்போது அது சூடாகும், மறுநாள் காலை வாஷிங் அதிலிருந்து ஓடும். எந்த நேரத்தில் எந்தப் பிரிவு என்ற அட்டவணையை முனிரத்தினமும் கௌரம்மாவும் உட்கார்ந்து போட்டார்கள். அடுத்த முறை மின்சார ஒப்பந்தம் போடும்போது, முன்பு வாங்கியதைவிடக் குறைவாகவே எங்களுக்குப் போதுமானதாக இருந்தது. பழைய பாய்லரை வெட்டி எடுத்துப் போனார்கள். முனிரத்தினம் பார்க்க வரவில்லை, அன்று லீவு போட்டிருந்தார்.

எல்லாம் நல்லபடி முடிந்தது என்று எழுதினால் அது பொய். பாய்லர் ஓடிய காலத்தில் துமகூரு பக்கத்திலிருந்து வாரம் இரண்டு முறை விறகு லாரி வரும். அதில் மூன்று பேர் வந்து இறக்கிப்போட்டுவிட்டுப் போவார்கள். என் திட்ட அறிக்கையில் எவ்வளவு விறகு மிச்சம், எவ்வளவு புகை மிச்சம் என்று எழுதியிருந்தேன். அந்த மூன்று பேரைப் பற்றி ஒரு வரி இல்லை. அவர்கள் எங்கள் ஆட்கள் இல்லை என்பதால் எனக்குத் தோன்றவேயில்லை. ஒரு நாள் முனிரத்தினத்திடம் கேட்டேன். ஒருவரை அவரே கூப்பிட்டு, கூரையில் சோலார் பலகை கழுவும் வேலையில் சேர்த்துவிட்டிருந்தார். மற்ற இருவர் அத்திபெலே பக்கம் ஒரு குடோனுக்குப் போனதாகக் கேள்வி, சரியாகத் தெரியாது என்றார். எனக்கும் இன்றுவரை தெரியாது. நீங்கள் அறிக்கை எழுதும்போது கேட்டுக்கு வெளியே நின்று ஒரு நாள் பாருங்கள். யார் யார் வந்து போகிறார்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள். நான் அதைச் செய்யவில்லை.

மறு வருட ஜூலையில் ஒரு பகலில் மறுபடியும் மழை, மறுபடியும் மின்சாரம் பாதியானது. மாடியில் என் அறையில் விளக்கு மங்கியவுடன் படியில் இறங்கி ஓடினேன். தளத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது டிரையர்கள் ஏற்கெனவே நின்றிருந்தன. தொட்டியிலிருந்து வெந்நீர் வாஷிங்குக்குப் போய்க்கொண்டிருந்தது. கௌரம்மா இரண்டு வரிசை மேஜைகளை அணைத்துவிட்டு, அந்தப் பெண்களைப் பெட்டி அடைக்கிற வேலைக்கு மாற்றியிருந்தார். முனிரத்தினம் என்னைப் பார்த்து, என்ன மேடம், ஏதாவது வேணுமா என்று கேட்டார்.

"ஒண்ணும் வேணாம்," என்றேன்.

கொஞ்ச நேரம் நின்றேன். யாருக்கும் என்னிடம் கேட்க எதுவும் இருக்கவில்லை. கேன்டீனுக்குப் போய் ஒரு டீ வாங்கிக்கொண்டு, மழையைப் பார்த்தபடி உட்கார்ந்து, கடைசிச் சொட்டு வரை சூடாகக் குடித்தேன். பதினோரு வருடத்தில் மழை நேரத்தில் நான் உட்கார்ந்து குடித்த முதல் டீ அது. அடுத்த வாரம் ஓய்வுக்கு எழுதிக் கொடுத்தேன்.